கழலாத ஒயர்

ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்கள் சார், எனக்குக் காற்று ஆகாது. இந்தப் பையை மட்டும் காலடியில் வைத்துக்கொள்கிறேன். உள்ளே கண்ணாடி இருக்கிறது, குடை இருக்கிறது, எல்லாம் இரண்டிரண்டு. சிரிக்காதீர்கள். ஒரு கண்ணாடி உடைந்தால் இன்னொன்று வேண்டாமா? குடை, தண்ணீர் பாட்டில், போன், எல்லாமே அப்படித்தான். பல்செட்கூட இரண்டு வைத்திருந்தேன். ஒன்றை எலி கொண்டுபோய்விட்டது. அந்த எலி இப்போதும் எங்கள் பரணில் உட்கார்ந்து முறுக்குத் தின்கிறது, கடகடவென்று சத்தம் கேட்கிறது. மகள் நம்ப மாட்டேன் என்கிறாள்.

பொரி எடுத்துக்கொள்ளுங்கள். கண்டக்டர் கொடுத்ததுதான். முன்னால் பார்த்தீர்களா, வாழைக்கன்று கட்டியிருக்கிறார்கள், கண்ணாடி முழுக்கச் சந்தனம் அப்பியிருக்கிறார்கள். டிரைவருக்கு ரோடு தெரிகிறதோ இல்லையோ. கண்டக்டர் கையில் இருக்கிற டிக்கெட் மெஷினுக்கும் பொட்டு. ஆனால் ஒன்று கவனித்தீர்களா? பொட்டு வைத்த பிறகும் பஸ் ஓடுகிறது. மெஷின் டிக்கெட்டைக் கக்கிக்கொண்டிருக்கிறது. இதுவா ஆயுத பூஜை? கருவியைத் துடைத்து, பொட்டு வைத்து, சாமி முன்னால் வைத்தால் மறுநாள் காலையில் எடுக்கிற வரைக்கும் அதைத் தொடக்கூடாது. அதுதான் முறை. முறைப்படி செய்தவன் ஒருவன் இந்த ஊரில் இருந்தான். அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவன்தான் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பொரி தின்கிறான்.

பெயர் தணிகாசலம். வெள்ளிவானம் டிவியில் இன்ஜினியர். நீங்கள் பார்த்திருக்காவிட்டாலும் உங்கள் மாமியார் பார்த்திருப்பார். இப்போது அங்கேதான் போகிறேன். பூந்தமல்லி தாண்டி இறங்க வேண்டும். ஆபீஸ் இடம் மாறிவிட்டது, எனக்கு வழி தெரியாது. ஸ்ரீபெரும்புதூர் வந்ததும் போன் செய்கிறேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். எந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும் என்று சொன்னால் காரோடு வந்து நிற்பாளாம். அவள் என்றால் பொற்கொடி. என் கீழே வேலை பார்த்தவள். இப்போது அங்கே சீப் இன்ஜினியர். என் நாற்காலி சார் அது. சொல்கிறேன், சொல்கிறேன், நேரம் இருக்கிறது.

நீங்கள் வீட்டில் பார்க்கிற சீரியல், சினிமா, விளம்பரம் எல்லாம் எங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறீர்கள்? ஒரு குளிர்ந்த அறை, அதற்குள் ஒரு கம்ப்யூட்டர். சர்வர் என்போம். இன்றைக்கு என்னென்ன ஓட வேண்டுமோ அத்தனையையும் வரிசையாக அதில் ஏற்றி வைத்துவிடுவோம், அது ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டிக்கொண்டே இருக்கும். அவ்வளவுதான் டிவி. அந்த அறை எவ்வளவு குளிர் என்றால், தெரியாமல் உள்ளே வந்த கொசு பறந்துகொண்டிருக்கும்போதே உறைந்து தரையில் விழும். விழுகிற சத்தம் கேட்கும். டிக். நானே கூட்டி அள்ளியிருக்கிறேன்.

அந்த அறைக்கு சீப் வரதன் சார். நான் இரண்டாவது. அவர் லீவு போட்டால் நான் பார்க்க வேண்டும், அதுதான் என் வேலை. அந்த மனிதர் லீவே போட மாட்டார். ஊரெல்லாம் சிக்குன்குனியா வந்து தவழ்ந்துகொண்டிருந்தபோதுகூட அவர் இரண்டு காலில் நடந்து வந்தார். மகள் கல்யாணத்துக்குத் தாலி கட்டுகிற வரைக்கும் இருந்துவிட்டுப் பந்திக்கு முன்னால் ஆபீஸ் வந்துவிட்டார். நான் அவருக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவர் செய்வதையெல்லாம் செய்யத் தயாராக இருந்தேன். அப்படியே தலை நரைத்தது. அவர் முதுகில் எத்தனை மச்சம் என்று சட்டைக்கு மேலேயே சொல்வேன்.

என்னை வீட்டுக்கு அனுப்பிய அந்த வருஷம் என்ன ஆயிற்று என்றால், ஒரு சாயங்காலம் சீரியல் ஓடிக்கொண்டிருக்கிறது. மாமியார் மருமகளை அறையக் கையை ஓங்குகிறாள். ஓங்கிய இடத்தில் சர்வர் நின்றுவிட்டது. கை அப்படியே அந்தரத்தில். மருமகள் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாள். தமிழ்நாடே அந்த அறைக்காகக் காத்திருக்கிறது சார். வாலாஜாபேட்டையில் ஒரு அம்மா பொறுக்க முடியாமல் எழுந்து போய்த் தன் சம்பந்தியை அறைந்துவிட்டு வந்து உட்கார்ந்தாராம். நாங்கள் மெஷினை அணைத்துப் போட்டுச் சரிசெய்து படம் திரும்ப வந்தபோது, மாமியாருக்கே கோபம் ஆறியிருக்கும்.

முதலாளி ஈஸ்வரமூர்த்தி மறுநாள் எங்கள் மூவரையும் கூப்பிட்டார். குமாரபாளையத்துக்காரர், விசைத்தறியில் சம்பாதித்து டிவிக்கு வந்தவர். ஒரு தறி நின்றால் பக்கத்துத் தறி ஓடுமே, உங்களிடம் ஏன் ஒரே தறி என்று கேட்டார். நியாயமான கேள்வி. இன்னொரு சர்வர் வாங்க வேண்டும், ஸ்டாண்ட்பை என்று பெயர் என்று நான் சொன்னேன். பொற்கொடியும் அதையேதான் அதற்கு முந்தின வருஷமே கேட்டிருந்தாள், அது வேறு விஷயம். வரதன் சார் தைக்கு ரிட்டயர் ஆகிறார், அதற்குள் இதை யார் ஒழுங்காக அமைத்துக் காட்டுகிறார்களோ அவர்களுக்கு சீப் நாற்காலி, தீபாவளிக்குள் முடிவு சொல்கிறேன் என்றார் முதலாளி. யார் என்றால் யார்? நான் ஒருவன். அவள் ஒருத்தி. நான் மூத்தவன். அவள் நேற்று வந்தவள். நேற்று என்றால், வந்து பத்துப் பதினைந்து வருஷம் இருக்கும்.

ஆடியில் ஆரம்பித்தேன். புது மெஷின் மெயின், பக்கத்திலேயே அதே மாதிரி ஸ்டாண்ட்பை. இரண்டிலும் ஒரே பட்டியல், ஒரே நொடியில் ஒரே படம். மெயினில் கதாநாயகி அழுதால் ஸ்டாண்ட்பையிலும் அழுவாள். ஆனால் வெளியே போவது மெயினின் கண்ணீர்தான். இரண்டும் போய்ச் சேருகிற இடத்தில் ஒரு பெட்டி. மெயின் படம் செத்தால் அந்தப் பெட்டி தானாகவே ஸ்டாண்ட்பைக்குத் தாவிவிடும். பார்க்கிறவனுக்குத் தெரியாது.

சோதித்துப் பார்க்க வேண்டாமா? பட்டப்பகலில், மத்தியானச் செய்தி போய்க்கொண்டிருக்கும்போது, மெயின் பிளக்கைப் பிடுங்கினேன். வரதன் சார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். செய்தி வாசிக்கிற பெண் கண்ணைச் சிமிட்டினாள் பாருங்கள், இமை மெயினில் மூடியது, ஸ்டாண்ட்பையில் திறந்தது. ஒரு ஜீவனுக்குத் தெரியவில்லை. செய்தி நேரலையில்தானே வரும், சர்வரிலிருந்து எப்படி வரும் என்று கேட்காதீர்கள். உங்களுக்கு விவரம் தெரியும் போலிருக்கிறது. கதையைக் கேளுங்கள்.

ஒயர் வேலை முழுக்க நானே. இந்தக் கை. ஜடை பின்னுகிற மாதிரி வகிடெடுத்துப் பின்னி, கட்டி, ஒவ்வொன்றுக்கும் பெயர் ஒட்டி வைத்தேன். மெஷின் விற்ற கம்பெனிக்காரன் வந்தான், கதவைத் திறந்தான், செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வந்தான். நான் முடுக்கிய முனையில் யானையைத் தொங்கவிட்டாலும் கழலாது. தொங்கவிட்டுப் பார்க்கவில்லை, யானை கிடைக்கவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் சார். தணிகாசலம் போட்ட ஒயர் கழலாது.

புரட்டாசி வந்தது. ஆவணி முழுக்க ஒரு சின்னப் பிசிறுகூட இல்லை. மெயின் ஓடுகிறது, பக்கத்தில் ஸ்டாண்ட்பையும் ஓடுகிறது. அதை ஒருவரும் பார்க்கவில்லை. விருந்தாளி வந்தால்கூட மெயினைக் காட்டி, இதுதான் எங்கள் சர்வர் என்பார்கள். அது என்ன என்று பக்கத்தில் கை காட்டினால், அது சும்மா, ஸ்டாண்ட்பை என்பார்கள். சும்மா. அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆயுத பூஜைக்கு முன்தினம் முதலாளியின் சம்சாரம் நாகரத்தினம் அம்மா வந்தார். பெரிய கை அந்த அம்மா. முதலாளி வெளியே சிங்கம், அந்த அம்மா வந்தால் சோபாவின் ஓரத்துக்கு நகர்ந்து உட்காருவார். நாற்காலி யாருக்கு என்பதை முடிவு செய்கிற வாய் அது என்று எனக்குத் தெரியும். ஒளிபரப்பு அறைக்குள் வந்து, மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தார்.

"எங்க ஊர்ல தறியவே நிறுத்திப்போட்டுத்தானுங்க பூசை. வருசத்துக்கு ஒரு நாளாச்சும் மிசினுக்கு ஓய்வு குடுக்கோணும். நீங்க ஒரு நாளும் நிறுத்தறதில்ல. அதனாலதான் அன்னைக்கு அந்தக் கை அப்படி நின்னுபோச்சு."

வரதன் சார் கூரையைப் பார்த்தார். பொற்கொடி, டிவியை நிறுத்த முடியாதுங்கம்மா என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டாள். அந்த அம்மாவின் முகம் சுண்டியது. நான் அங்கேதான் சார் நின்றேன். ஒரே நிமிஷத்தில் யோசனை வந்தது. அம்மா, மெயினை நிறுத்த முடியாதுதான், ஆனால் ஸ்டாண்ட்பைக்கு ஒரு நாள் ஓய்வு கொடுக்கலாம், இரண்டுக்குமாகச் சேர்த்து அது ஓய்வெடுக்கட்டும், முறைப்படி நானே கழற்றிப் பூஜையில் வைக்கிறேன் என்றேன். அந்த அம்மாவுக்கு அப்படியொரு சந்தோஷம். "இந்த மாதிரி ரோசனை பண்ற ஆளுதான் தலைமைக்கு வேணும்" என்று வரதன் சார் காதுபடவே சொன்னார். எனக்கு அந்த நாற்காலியின் மெத்தை முதுகில் படுகிற மாதிரி இருந்தது.

அந்த அம்மா போனதும் பொற்கொடி வந்தாள். முதலில் நல்லபடியாகத்தான் சொன்னாள், நாளைக்கு மத்தியானம் புதுப் படம், முதல்முறையாக டிவியில், வருஷத்திலேயே பெரிய கூட்டம் பார்க்கிற நாள், அன்றைக்குப் போய் ஸ்டாண்ட்பையைக் கழற்றுவதா என்று. நான் சாமந்தி மாலைக்குச் சொல்லப் போய்விட்டேன். சாயங்காலம் மறுபடி வந்தாள்.

"சார், அது வந்ததுலேர்ந்து சும்மாதானே இருக்கு. அதுக்கு எதுக்கு சார் ரெஸ்ட்டு? பூஜையில வேணும்னா உங்க ஸ்க்ரூ டிரைவர வைங்க."

சும்மா என்றாள் பாருங்கள். என்னிடம். சும்மா இல்லை பொற்கொடி, மெயின் ஓடுகிற ஒவ்வொரு நொடியும் அதுவும் ஓடுகிறது, பார்க்கத்தான் நாதியில்லை, அதற்கும் ஒரு நாள் மாலை விழட்டும், என்றேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. ஒரு மெஷினுக்காக ஏன் சார் இவ்வளவு கோபம் என்றாள். அவளுக்கு எங்கே புரியும்? வந்த நாளிலிருந்து ஏறிக்கொண்டே இருந்தவள்.

பூஜையன்று காலையில் குளித்து, வேட்டி கட்டிக்கொண்டு போனேன். ஸ்டாண்ட்பையிலிருந்து பெட்டிக்குப் போகிற ஒயரை நானே திருகிக் கழற்றினேன். பாம்பைச் சுருட்டுகிற மாதிரி சுருட்டி, சரஸ்வதி படத்துக்கு முன்னால் தட்டில் வைத்தேன். முனைக்குச் சந்தனம், குங்குமம். ஒயர் இல்லையென்றதும் பெட்டியில் ஒரு சிவப்பு விளக்கு முணுக்முணுக் என்று அடித்தது. பூஜை நேரத்தில் அது கண்ணை உறுத்துமே என்று அதன் மேலேயும் ஒரு பெரிய பொட்டாக வைத்தேன். அழகாக இருந்தது சார். நெற்றிக்கண் மாதிரி. ஸ்டாண்ட்பைக்குச் சாமந்தி மாலை. மெயினுக்கு ஒரு துளசிக் கிள்ளுதான். முதல்முறையாக எல்லோரும் ஸ்டாண்ட்பையைப் பார்த்தார்கள். நாகரத்தினம் அம்மா அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பொற்கொடி மூலையில் நின்றிருந்தாள். கற்பூரம் காட்டி முடித்ததும் கிட்டே வந்து மெதுவாகச் சொன்னாள், படத்தை எடிட்டிங் ரூம் கம்ப்யூட்டரில் ஒரு காப்பி போட்டு வைத்திருக்கிறேன் சார், அங்கிருந்து பெட்டிக்கு ஒரு ஒயரும் இழுத்துவிட்டேன், கையால்தான் மாற்ற வேண்டும், நீங்கள் நிம்மதியாகப் பூஜையைப் பாருங்கள், என்று. நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கேட்டீர்களா சார்? காப்பி போட்டு வைத்திருந்தாளாம். ஏன் போட வேண்டும்? மெயின் நிற்கப்போகிறது என்று ஒருத்திக்கு முன்கூட்டியே எப்படித் தெரியும்? இதை நான் இத்தனை வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். நீங்களும் யோசியுங்கள்.

மத்தியானம் படம் ஆரம்பித்தது. நான் ரிசப்ஷனில் சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தேன். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால், வில்லன் கதாநாயகனை மலை உச்சியிலிருந்து தள்ளிவிடுகிறான். விழுகிறான், விழுகிறான், ரிசப்ஷன் டிவி கறுத்துவிட்டது. கதாநாயகன் கீழேயும் போகவில்லை, மேலேயும் வரவில்லை. கையில் சுண்டல் வாளியோடு ஓடினேன் சார். அந்தப் படியில் சிந்திய சுண்டலில் ஒன்று பிறகு முளைத்து, கொடி விட்டு, மாடிவரை ஏறியது என்று வாட்ச்மேன் சொன்னான். அதை விடுங்கள்.

உள்ளே போனால் மெயின் செத்துக் கிடக்கிறது. பெட்டி ஸ்டாண்ட்பைக்குத் தாவப் பார்க்கிறது. தாவ ஏது ஒயர்? தட்டிலிருந்து சுருளை எடுத்தேன், பூவெல்லாம் சிதறியது, முனையை உள்ளே அழுத்தித் திருகினேன். படம் வரவில்லை. முனைக்குள் சந்தனம் ஏறிக் காய்ந்திருந்தது. வேட்டி நுனியால் துடைக்கிறேன், ஊதுகிறேன், ஊசியால் குத்துகிறேன். வரதன் சார் பின்னாலிருந்து தணிகாசலம், தணிகாசலம் என்கிறார், ஜபம் மாதிரி. ஒரு தேவாரம் பாடி முடிக்கிற நேரம் டிவி கறுப்பாகவே இருந்தது. அப்புறம் படம் வந்தது. கதாநாயகன் மரக்கிளையைப் பிடித்துக்கொண்டான். என் கையில் இன்னும் ஒயர் முனை இருக்கிறது, படம் மட்டும் வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் பெட்டியின் பக்கத்தில் பொற்கொடி, அந்தக் கைச் சுவிட்ச்சின் மேல் விரல். எடிட்டிங் ரூமிலிருந்து ஓட்டிவிட்டாள்.

ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். பார்த்தீர்களா சார் என்றாவது சொல்லியிருக்கலாம். என் கையிலிருந்து ஒயரை வாங்கி, முந்தானையால் குங்குமத்தைத் துடைத்து ஓரமாக வைத்தாள். அந்தத் திமிர் இருக்கிறதே.

முதலாளி அறைக்குக் கூப்பிட்டார்கள். அவர் மேஜைக்குப் பின்னால். நாகரத்தினம் அம்மா சோபாவில். வரதன் சார், நான், இவள். என்ன ஆயிற்று என்றார் முதலாளி. மெயின் போனது மெஷினின் கோளாறு, அது யாருக்கும் நடக்கும், ஸ்டாண்ட்பை ஏன் எடுக்கவில்லை, இத்தனை செலவு செய்து எதற்கு வைத்தோம் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் இவள் முந்திக்கொண்டாள்.

"ஸ்டாண்ட்பை ஒயர் கழன்று இருந்துச்சு சார். பூஜைக் கூட்டத்துல யாரோ கால் பட்டிருக்கும்."

வரதன் சார் உடனே தலையாட்டினார். நாகரத்தினம் அம்மா பெருமூச்சு விட்டு, கூட்டம் அதிகமுங்க இன்னைக்கு என்றார். முதலாளி என்னைப் பார்த்து, இனிமேல் பூஜையன்று அந்த அறைக்குள் ஆளை விடாதீர்கள், நல்லவேளை இந்தப் பிள்ளை சமாளித்தது, சரி போங்கள், பெரிதுபடுத்த வேண்டாம் என்றார். அவ்வளவுதான். முடிந்துபோயிற்று. கதவு வரைக்கும் வந்துவிட்டோம்.

கழன்று இருந்ததாம்.

சார், நீங்கள் ஒரு தச்சர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் செய்த கதவு தானாகவே பெயர்ந்து விழுந்துவிட்டது என்று நாலு பேர் முன்னால் ஒருத்தி சொன்னால் கேட்டுக்கொண்டு போவீர்களா? என்ன தலையாட்டுகிறீர்கள், போவீர்களா? நான் போக மாட்டேன். யாரோ கால் பட்டால் கழன்று விழுகிற ஒயரா நான் போட்டது? ஆடியிலிருந்து புரட்டாசி வரைக்கும் பின்னிப் பின்னி வைத்தது, கால் பட்டுக் கழன்றது என்று ஆபீஸ் முழுக்கச் சொல்வார்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் முதுகுக்குப் பின்னால் அதைத்தானே சொல்வார்கள்?

கதவிலிருந்து திரும்பினேன். மேஜைக்கு முன்னால் போய் நின்றேன்.

"நான் போட்ட ஒயர் கழலாது சார். நான்தான் கழற்றினேன். இந்தக் கையால. முறைப்படி, பொட்டு வச்சு."

வரதன் சார் ஐயோ என்றார், அந்த மனிதர் வாயிலிருந்து வந்த ஒரே ஐயோ அதுதான். முதலாளி என்னைப் பார்த்தார், அப்புறம் மெதுவாகத் தன் சம்சாரத்தைப் பார்த்தார். அம்மாதான் ஓய்வு கொடுக்கச் சொன்னார்கள் என்றேன். உண்மையைத்தானே சொன்னேன்? நாகரத்தினம் அம்மா வளையலைத் திருகிக்கொண்டே, "நான் பொட்டு வெக்கச் சொன்னனுங்க. பிடுங்கிப்போடச் சொன்னனா?" என்றார். சோபாவில் இருந்தது சிங்கம்தான், நான்தான் கவனிக்கவில்லை.

நாற்காலி போயிற்று. போனது மட்டுமில்லை, என்னைப் பழைய டேப்புகள் இருக்கிற கிடங்குக்கு மாற்றினார்கள். அங்கே என் வேலை, டேப்புகளுக்குப் பூஞ்சை பிடிக்காமல் பார்த்துக்கொள்வது. நான் டேப்புக்குக் காவல் இருந்தேன், எனக்குப் பூஞ்சை பிடித்தது. பொங்கலுக்கு முன்னால் கிளம்பி வந்துவிட்டேன். கிளம்புகிற அன்றைக்குப் படியில் பொற்கொடி வந்து நின்றாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது, ஜலதோஷம் போலிருக்கிறது.

"ஏன் சார் வாயத் திறந்தீங்க? எல்லாம் முடிஞ்சுபோச்சே சார். வாசல் வரைக்கும் வந்துட்டோமே."

கழலாத ஒயரைக் கழன்றது என்று சொன்னவளோடு எனக்கு என்ன பேச்சு என்று கேட்டுவிட்டு இறங்கி வந்துவிட்டேன். சரியாகத்தானே கேட்டேன்? நீங்கள் ஏன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்?

அதற்கப்புறம் வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குப் போன் செய்வாள். சார், வந்து கற்பூரம் காட்டுங்கள் என்பாள். நான் வர மாட்டேன் என்பேன். அவள் என்ன செய்திருக்கிறாள் தெரியுமா? மூன்றாவதாக ஒரு மெஷின் வைத்திருக்கிறாள். புதிதாக ஒரு ஸ்டாண்ட்பை வாங்கிப் போட்டுவிட்டு, நான் அமைத்த அந்தப் பழைய ஸ்டாண்ட்பையை அப்படியே அதே இடத்தில் விட்டிருக்கிறாள். அது எதனோடும் சேராது, எதையும் ஓட்டாது. பூஜையன்று மாலை, பொட்டு, சுண்டல் எல்லாம் அதற்குத்தான். மெயினும் ஸ்டாண்ட்பையும் வேலையில் இருக்கும், ஓய்வை மட்டும் அது எடுத்துக்கொள்ளும். என் யோசனையைத் திருடிவிட்டாள், வேறென்ன? ஒரு வேலையும் இல்லாததற்கு வருஷத்தில் ஒருநாள் மாலை. அதைப் பார்க்க நான் போக வேண்டுமாம்.

இந்த வருஷம் ஏன் போகிறேன் என்கிறீர்களா? புது ஆபீஸுக்கு அதையும் கூடவே கொண்டுபோயிருக்கிறாள். பழைய மெஷின்களை எல்லாம் கழித்துக்கட்டுகிறார்கள். அதையும் எடுத்தாக வேண்டுமாம், இடம் இல்லையாம். நீங்கள் வராமல் அதன் மேல் யாரையும் கை வைக்க விட மாட்டேன் சார், கழற்றுவதென்றால் நீங்களே வந்து கழற்றுங்கள், என்றாள். சரி, எவ்வளவு மோசமாக வைத்திருக்கிறாள் என்று பார்த்துவிட்டு வரலாமே என்று கிளம்பினேன். பார்ப்பதற்குத்தான். ஸ்க்ரூ டிரைவர் இரண்டு எடுத்து வந்திருக்கிறேன்.

ஸ்ரீபெரும்புதூரா? அதற்குள்ளா? இருங்கள், அவளே அடிக்கிறாள் பாருங்கள். அல்லோ. ஆங், பொற்கொடி. பஸ்ஸில்தான். பக்கத்தில் ஒரு நல்ல மனிதர், பேசிக்கொண்டு வருகிறோம். எங்கே இறங்க வேண்டும்? குமணன்சாவடியா அதற்கு அடுத்ததா? அல்லோ? பொற்கொடி? அல்லோ?

அடச்சீ. சார்ஜ் போய்விட்டது. காலையிலிருந்து மகள் நாலு தடவை பேசினாள், அதுதான். பரவாயில்லை சார், பதற ஒன்றுமில்லை. சொன்னேனே, என்னிடம் எல்லாம் இரண்டு. ஒன்று போனால் இன்னொன்று. பையை இப்படிக் கொடுங்கள். குடை, கண்ணாடி, இதோ, இந்த மஞ்சள் துணிக்குள்.

என்ன பார்க்கிறீர்கள்? பொட்டுதான். சந்தனம் இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறது, விடியற்காலையில் வைத்தது. இல்லை, ஆன் செய்யக்கூடாது. நாளைக்குக் காலை வரைக்கும் இதைத் தொடக்கூடாது. ஒரு நாள்தானே சார். வருஷம் முழுக்க அது பைக்குள்ளேயே கிடக்கிறது.

அப்படிப் பார்க்காதீர்கள்.

உங்கள் போனைக் கொஞ்சம் கொடுக்கிறீர்களா? நம்பர் வேண்டாம், எனக்கு மனப்பாடம். மகள் நம்பர் தெரியாது, இவள் நம்பர் தெரியும், வேலை விஷயமாக அடித்து அடித்துப் பழகியது. அல்லோ. பொற்கொடியா? நான்தான். இது பக்கத்துச் சீட்டுக்காரர் போன். ஆமாம். சரி, குமணன்சாவடி தாண்டி, மேம்பாலத்துக்குக் கீழே. சரி. நீயே வந்து நிற்கிறாயா? வெயிலில் நிற்காதே, நிழலில் நில். என்னது? போனா? ஏன் கட் ஆயிற்று என்றா?

ஒயர் கழன்றுபோச்சும்மா. கூட்டத்துல யாரோ கால் பட்டிருக்கும்.

ஆங். ஆமாம். சரி, வை.

இந்தாருங்கள் சார் உங்கள் போன். மிகவும் நன்றி. என்ன அப்படிப் பார்க்கிறீர்கள்? போனுக்கு ஏது ஒயர் என்றா? அவளே கேட்கவில்லை. உங்களுக்கென்ன?